கிணற்றுச் சக்கரத்தைக் கடித்துப் பிடித்த நாய்

ஐந்து ஆறுகள் ஓடும் பஞ்சாப் தேசத்தில், மாடும் நாயும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிய அந்தக் காலத்தில், சந்தல்கோட் என்று ஒரு கோட்டை இருந்தது. அதன் ராஜா உதம்பால். கோட்டைக்குக் கீழே மண் வெட்டிப் பிழைப்பவர்களின் குடிசைகள் இருந்தன.

கோட்டைக்காரர்கள் இந்தக் கதையை இளவரசனின் பிறப்பிலிருந்து தொடங்குவார்கள். நான் அநியாயங்களிலிருந்து தொடங்குகிறேன். வரிசையாகச் சொல்கிறேன். வரிசையைக் கலைப்பது அவர்களுடைய வேலை. கலைத்துவிட்டால் எது எதனால் வந்தது என்று யாருக்கும் புரியாமல் போய்விடும் அல்லவா?

முதல் அநியாயம்: மண் வெட்டுகிறவர்கள் செனாப் ஆற்றின் கரையில்தான் இருந்தார்கள். ராஜா கரையை வளைத்துக்கொண்டு அவர்களை உப்புப் பூத்த நிலத்துக்கு விரட்டினான்.

இரண்டாவது: அவர்கள் ஆற்றில் நீர் எடுக்க வந்தபோது, கோட்டை எருமைகள் குடித்து முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்றான்.

மூன்றாவது: ரோஜாத் தோட்டத்துக்காக ஆற்றை வேறு பக்கம் வெட்டித் திருப்பினான். வெட்டியவர்களும் இவர்கள்தான். அடுத்த வெள்ளத்தில் ஆறு கோபித்துக்கொண்டு ஒரு காத தூரம் விலகிப் போய்விட்டது. பிறகு ரோஜாவுக்கும் நீரில்லை, ராஜாவுக்கும் நீரில்லை.

நான்காவது: கிணறு வெட்டச் சொன்னான். முப்பது முழத்தில் மண் சரிந்து நத்து என்ற தலைமை வெட்டுக்காரன் புதைந்து செத்தான். ராஜா எட்டிப் பார்த்து, "எத்தனை முழம் ஆகியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டான்.

ஐந்தாவது: நாற்பது முழம் போயும் ஈரமில்லை. அரண்மனைச் சோதிடர், "ஒரு தலைப்பிள்ளை உள்ளே இறங்கி அங்கேயே உயிரை விட்டால் நீர் வரும்" என்றார். ராஜா சுற்றிலும் பார்த்துவிட்டு ஒருத்தியைக் கைகாட்டினான். அவள் நத்துவின் தலைமகள். அப்பாவைத் தோண்டி எடுத்த அதே குந்தாலியோடு, அப்பாவின் இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தவள்.

இதுவரை ஐந்து. ஆறாவதுதான் கதை. ஏனென்றால் ஆறாவது அநியாயத்தைச் செய்தவன் நல்லவன்.

ராஜாவின் தலைமகன் சுச்சேத். கோட்டையில் பிறந்தும் யாரையும் கடிந்து பேசத் தெரியாதவன். எறும்புப் புற்றைக் கண்டால் குதிரையை ஒதுக்கிக்கொண்டு போவான். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அப்பா, நானும் தலைப்பிள்ளைதான்" என்றான்.

ராஜா சிரித்தான். "நீ வேறு, அவள் வேறு."

"சோதிடர் அப்படிச் சொல்லவில்லையே. தலைப்பிள்ளை என்றுதானே சொன்னார்?"

சோதிடருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ராஜா தடுப்பதற்குள் சுச்சேத் கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று இறங்கிவிட்டான். ஊரே அலறியது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். சோதிடர் மயங்கி விழுவதற்கு நல்ல நிழலான இடம் தேடினார்.

அடியில் இளவரசன் சம்மணமிட்டு, கண்ணை மூடி, சாவுக்காகக் காத்திருந்தான். சற்று நேரத்தில் தலையில் மண் உதிர்ந்தது. சாவு வந்துவிட்டது என்று நினைத்தான். வந்தது அவள்.

"கொஞ்சம் எழுந்திருங்கள்" என்றாள்.

"நீ ஏன் இறங்கினாய், அக்கா? உனக்குப் பதிலாகத்தானே நான் வந்தேன்! இங்கே அமைதியாக உயிர் விடப் போகிறேன்."

"விடுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த ஓரத்தில் உட்கார்ந்து விடுங்கள். நான் வெட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

இளவரசன் ஓரமாக நகர்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவனை நகரச் சொல்லியிருந்தார். அவள் குந்தாலிக் காம்பைத் தரையில் ஊன்றிக் காதை வைத்தாள். அவனையும் வைக்கச் சொன்னாள். கீழே எங்கோ தேனீக்கூடு போல ஒரு ரீங்காரம்.

"மூன்று நாளாக இந்தச் சத்தம் கேட்கிறது. மேலே சொல்ல வாயைத் திறந்தேன். சோதிடர் முந்திக்கொண்டார். இது களிமண் மூடி. ஒரு சாண்கூட இருக்காது."

ஓங்கி நாலு வெட்டு. ஐந்தாவது வெட்டில் குந்தாலி காம்புவரை உள்ளே போனது. பிடுங்கி எடுத்தாள். நீர் பீறிட்டது! ஆள் உயரத்துக்குப் பீறிட்டது! இளவரசன் கூத்தாடினான், வழுக்கி விழுந்தான், மூழ்கினான். அவள் அவன் முடியைப் பிடித்துத் தூக்கி, அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டி, மேலே பார்த்துக் கத்தினாள்:

"டப்பு! நீலாவை இழுக்கச் சொல்!"

டப்பு என்பது குடிசைப் பக்கத்துப் புள்ளி நாய். கிணற்று விளிம்பில் படுத்து, தலையை உள்ளே தொங்கவிட்டு, நடந்த அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். மண் சரியும் என்ற பயத்தில் மற்றவர்கள் எல்லாம் தள்ளி நின்றார்கள். டப்பு குரைத்தது, நீலா, லாக்கா என்ற இரண்டு காளைகளும் கயிற்றை இழுத்தன, இளவரசன் மேலே வந்தான். அவன் காலுக்குக் கீழே நீரும் ஏறி வந்தது.

ஊர் அதைப் பார்த்தது. இளவரசன் எழும்ப எழும்ப நீரும் எழும்புகிறது! "மகான்! மகான்!" என்று விழுந்து கும்பிட்டார்கள். கடைசியாக அவள் சுவரைப் பிடித்து ஏறி வந்தபோது கைகொடுக்க ஒருவரும் இல்லை. எல்லாருடைய கையும் இளவரசன் காலில் இருந்தது. டப்பு மட்டும் வந்து அவள் முகத்துச் சேற்றை நக்கியது.

அந்தக் கிணற்றின் மேல் ரஹட் அமைத்தார்கள். ரஹட் என்றால் பெரிய மரச் சக்கரம். அதில் மண்குடங்களை மாலைபோலக் கட்டிக் கிணற்றில் தொங்கவிடுவார்கள். மாடுகள் வட்டமாகச் சுற்றும்போது பல்சக்கரங்கள் திரும்பும். நிறைந்த குடங்கள் ஏறி வந்து வாய்க்காலில் கவிழும். காலிக் குடங்கள் மறுபடி இறங்கும்.

அந்தத் தேசத்தில் ஒரு சட்டம் இருந்தது. சக்கரம் சுழன்று முதல் நீர் விழும்போது, ஏழு சாட்சிகள் முன்னால் ஒரு பெயரை உரக்க வாசிக்க வேண்டும். யார் பெயரோ, அவருடைய சனங்கள்தான் அந்தக் கிணற்றில் முதல் உரிமைக்காரர்கள். சக்கரம் நிற்காதவரை அது ஒரே நீர், ஒரே பெயர். நின்று மறுபடி புறப்பட்டால் அது புது முதல் நீர். மறுபடியும் பெயர் வாசிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. மண் வெட்டுகிறவர்கள் சபையில் வாய் திறக்கக் கூடாது. நுகத்தில் பூட்டப்பட்டவன் சாட்சி சொல்லக் கூடாது. யாருக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ அவர்களைப் பார்த்துப் பார்த்து விலக்கிய சட்டங்கள்!

சாட்சிகளாக ஒரு குயவர், ஒரு தச்சர், ஒரு நெசவுக்காரி, மயில், காகம், ஒட்டகம், ஏழாவதாக டப்பு நின்றார்கள். அரண்மனைப் பாடகன் சஜாவல் ஓலையும் கையுமாக நின்றான். எட்டுத் தலைமுறைக் குலப்பெயர்களை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவன்.

"இந்த நீரைக் கொண்டுவந்தது யார் என்று இளவரசர் திருவாய் மலர வேண்டும்" என்றான் சஜாவல்.

அவள் கூட்டத்தின் கடைசியில் நின்று இளவரசனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் நிறைந்தது. கைகூப்பினான்.

"யார் என்று கேட்காதீர்கள். மனிதர் யாரும் இல்லை. எல்லாம் இறைவன் செயல்" என்றான்.

ஆகா, என்ன பணிவு என்று சபை உருகியது. சஜாவலுக்கு மட்டும் சங்கடம். இறைவனுக்குச் சனங்கள் இல்லை, குலவரிசை இல்லை. பெயர் சொல்லப்படாத இடத்தில் ராஜ குலத்தை வாசிப்பது பாடகர்களின் வழக்கம். அவன் வாசித்தான்: "சுச்சேத், உதம்பாலின் மகன்!"

சாட்சிகள் ஒவ்வொருவராகக் "கேட்டேன், சரி" என்றார்கள். டப்புவின் முறை வந்தது. அதன் வாயில் அரண்மனைச் சமையல்கட்டிலிருந்து அப்போதுதான் வந்து விழுந்த எருமைத் தொடை எலும்பு இருந்தது. உள்ளே கொழுப்பு நிறைந்த எலும்பு. வாயைத் திறந்தால் விழுந்துவிடும். காகம் வேறு பக்கத்திலேயே நின்றது. டப்பு திறக்கவில்லை.

"மௌனம் சம்மதம்" என்றான் ராஜா.

ஆறாவது அநியாயம் இதுதான்.

சுச்சேத் அரசு வேண்டாமென்று காதில் துளையிட்டு வளையம் மாட்டி, சாம்பல் பூசி, ஜோகிகளின் மலைக்குப் போய்விட்டான். அவன் கிணற்றில் இறங்கிய கதையைச் சந்தைக்குச் சந்தை பாடினார்கள். நல்ல பாட்டுதான். கேட்டவர்கள் அழுதார்கள்.

கீழ்க்குடிசைக்காரர்களும் அழுதார்கள், வேறு காரணத்துக்காக. கோட்டைக்காரர்கள் எடுத்து, எருமைகள் குடித்து, தொட்டியில் மிஞ்சிய சேற்றுநீர் அவர்களுக்கு. கிணறு வெட்டியவளின் தாய் பாகி, வாய்க்காலில் ஒரு கை அள்ளியதற்காகக் காவலன் குடத்தை உடைத்தான். அந்தக் கோடையில் குடிசைகளில் இரண்டு தொட்டில்கள் காலியாயின.

ராஜா சக்கரத்தை நிறுத்தவே விடவில்லை. நின்றால் மறுபடி பெயர் வாசிக்க வேண்டும் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ரஹட்டில் தடுப்பு எதுவும் கிடையாது. மாடு நின்றால் நிறைந்த குடங்களின் பாரம் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும். அது வெறிபிடித்ததுபோலத் திரும்பிச் சுழன்று, நுகத்தடி அடித்து மாட்டையும் ஆளையும் கொன்றுவிடும். அதனால் காளைகள் முறைவைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒன்றை அவிழ்க்கும்போதே அடுத்ததைப் பூட்டினார்கள்.

ஒரு நாள் அவள் குந்தாலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே டப்புவும் வந்தது.

"நீ எதற்கு? உன் எலும்பைப் போய்க் கடி" என்றாள்.

"அது அன்றைக்கே தீர்ந்துவிட்டது" என்றது டப்பு. "ருசி மட்டும் தீரவில்லை. எதைத் தின்றாலும் அந்த ருசிதான். நானும் வருகிறேன்."

பதினோரு நாள் நடந்து மலையில் ஏறினார்கள். ஜோகி சுச்சேத் மரத்தடியில் இருந்தான். சுற்றிலும் சீடர்கள் அவன் கதையைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஜோகியாரே, ஒரு சந்தேகம். அன்றைக்குக் கிணற்றுக்கடியில் எத்தனை பேர் இருந்தோம்?" என்றாள் அவள்.

ஜோகி அவளை அடையாளம் கண்டு எழுந்தே நின்றுவிட்டான். "இரண்டு பேர், அக்கா."

"இவர்கள் பாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

பாட்டு நின்றது.

"நான் பெருமை தேடவில்லையே! என் பெயரைக்கூட நான் சொல்லவில்லை" என்றான் ஜோகி.

"உங்கள் பெயரை நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். அது உங்களுடையது, தாராளமாகக் கொடுங்கள். என் பெயரை எந்த உரிமையில் விட்டுக்கொடுத்தீர்கள்?"

ஒரு சீடன் சீறினான். "மகானிடம் இப்படியா பேசுவது?"

"நீ சும்மா இரு. இவர் முடியைப் பிடித்துத் தூக்கியவள் நான். தூக்கும்போது மகான் மாதிரி தெரியவில்லை, நனைந்த கோழி மாதிரி இருந்தார்!"

ஜோகி சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன், அவள் இரண்டு தொட்டில்களைப் பற்றிச் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "பணிவு என்று நினைத்தேன். அக்கா, நான் ஒரே ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும், அந்தக் குழந்தைகள் நீர் குடித்திருக்கும்." பிறகு அவன் தன் கைத்தடியைக்கூட எடுக்கவில்லை. எடுத்தது ஓட்டம்தான்! பதினோரு நாள் வழியை ஆறு நாளில் இறங்கினார்கள்.

உச்சி வெயிலில் கிணற்றடிக்கு வந்தபோது காளைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இளவரசன் வந்துவிட்டான் என்று கேட்டு ஊரே ஓடி வந்தது. கீழ்க்குடிசைகளும் வந்தன. ராஜா மாலையோடு வந்தான்.

"அப்பா, பெயர் தப்பாக வாசிக்கப்பட்டது. திருத்த வேண்டும்" என்றான் சுச்சேத்.

ராஜா மாலையை இறக்கினான். "சக்கரம் ஓடுகிறதே, மகனே. ஓடும் சக்கரத்துக்கு ஒரே பெயர்தான். சட்டம்."

"அப்படியானால் நிறுத்துகிறேன்."

"பைத்தியமா? நிறுத்தினால் உன்னைக் கூழாக்கிவிடும்!"

"தலைப்பிள்ளை ஒருவன் சாக வேண்டும் என்று சோதிடர் முன்பே சொல்லியிருக்கிறாரே" என்றான் மகன். சோதிடர் மறுபடி இருமினார்.

சுச்சேத் காளைகளுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினான். "நீலா, லாக்கா, நில்லுங்கள்."

"இரண்டு வருஷமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் சுற்றுகிறோம்" என்றது நீலா. நின்றது. சுச்சேத் நுகத்தை அவிழ்த்துக் காளைகளை விலக்கினான். அவனும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நுகத்தடியைப் பிடித்துத் தோள் கொடுத்தார்கள்.

சக்கரம் ஒரு மூச்சு நேரம் யோசித்தது. பிறகு பின்னுக்குப் பாய்ந்தது!

நுகத்தடி சுச்சேத்தைத் தூக்கி வாய்க்காலுக்கு அப்பால் எறிந்தது. குடங்கள் மோதி உடைந்து தெறித்தன. கூட்டம் சிதறியது. அவள் மட்டும் விடவில்லை. தடியில் தொங்கிக்கொண்டு, கால் தரையைக் கீற, கிணற்று வாயை நோக்கி இழுபட்டாள். பாகி, "விட்டுவிடு, மகளே!" என்று கதறினாள். "விட மாட்டேன்!" என்றாள் மகள்.

அப்போது டப்பு கிளம்பியது.

"எலும்புக்காக ஒரு தடவை வாயை மூடினேன்! இன்றைக்கு இதற்காக மூடுகிறேன்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து பல்சக்கரத்தின் மேல் ஏறியது. சுழலும் இரண்டு மரப் பற்களுக்கு நடுவே தன் தலையைக் கொடுத்துக் கடித்தது.

டக்!

சக்கரம் நின்றது. நின்றேவிட்டது! நிறைந்த குடங்கள் அந்தரத்தில் ஆடின. அவள் கிணற்று விளிம்பில் ஒரு காலும் அந்தரத்தில் ஒரு காலுமாகத் தொங்கினாள். இந்தத் தடவை கைகொடுக்க ஓடி வந்தார்கள்: குயவர், தச்சர், நெசவுக்காரி.

டப்புவை எடுக்கப் போனார்கள். எடுக்க வரவில்லை. ரோமமெல்லாம் மரநாராகியிருந்தது. புள்ளிகள் மரக் கணுக்களாகியிருந்தன. தாடை மட்டும் சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்தது. நீலா அதன் அருகில் வந்து மூக்கை வைத்தது.

சுச்சேத் நெற்றியில் ரத்தத்தோடு எழுந்து வந்தான். உடைந்த குடத்தின் ஓடு ஒன்றை எடுத்து, அவளுடைய குந்தாலி முனையால் அதில் கீறினான். சஜாவலின் கையில் கொடுத்தான்.

"வாசிக்காதே!" என்றான் ராஜா.

சஜாவல் இளவரசன் பக்கம் திரும்பினான். "இளவரசே, எட்டுத் தலைமுறை சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இவளுக்கு முன்னால் யாரைச் சொல்வது?"

"அவளைப் பெற்றவளைச் சொல். அதோ நிற்கிறாள்."

சஜாவல் ராஜாவைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து மரமாகிவிட்ட நாயைப் பார்த்தான். ஓட்டுத் துண்டை முகத்துக்கு நேரே உயர்த்தினான். ஊர் அவனுக்கும் ராஜாவுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டது. சுச்சேத் காளைகளை மறுபடி பூட்டினான். முன்னே நடந்தன. பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் நாயின் தாடையைத் தூக்கி, தூக்கி, விட்டது: டக், டக், டக். முன்னே போக விட்டது. பின்னே போக விடவில்லை.

பஞ்சாப் கிணறுகளில் சக்கரத்தின் மேல் தட்டிக்கொண்டே கிடக்கும் அந்த மரக்கட்டையைப் பாருங்கள். அதற்கு நாய் என்றுதான் இன்றும் பெயர். அந்தப் பகலில் ஏறி உட்கார்ந்ததுதான். ஒரு முறை மௌனமாக இருந்ததற்காக, நீர் ஓடும்வரை வாயை மூடுவதில்லை. மாடுகள் பயமில்லாமல் நின்று இளைப்பாறுவதும் அன்று தொடங்கியதுதான். சந்தல்கோட்டில் சக்கரம் நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் பெயர் வாசித்தார்கள். மகானைப் பற்றிய பாட்டையும் பாடினார்கள், பெயருக்குப் பிறகு.

முதல் குடம் விளிம்புக்கு வந்தது. ஆறு சாட்சிகள் தரையில் நின்றார்கள், ஏழாவது மேலே இருந்தது. நீர் கவிழ்ந்தது. சஜாவல் தன் தொண்டையில் இருந்த முழுக் குரலையும் எடுத்து வாசித்தான்:

"ஜிந்தோ! பாகியின் மகள், நத்துவின் மகள், ஜிந்தோ!"

டக்.